இரண்டும் ஒன்றுதானே, ஏன் சமமில்லை? – கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பைத்தான் நிரல்மொழி பழகுகிறவர்களில் நிறைய பேர் வேறு வேறு வார்த்தைகளில் ஒரே இடத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்: இரண்டு டியூப்பிள் சமமா இல்லையா என்று சோதிக்கிற இடம். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். எடுத்துக்காட்டுகளில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைத்திருக்கிறேன், பைத்தான் 3 அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். திரையில் வரும் விடைகளை ட்ரூ (ஆம்), ஃபால்ஸ் (இல்லை) என்றே எழுதுகிறேன்.

கேள்வி: லிஸ்ட் இருக்கும்போது டியூப்பிள் எதற்கு? இரண்டு டியூப்பிளுக்கு நடுவில் == போட்டால் உள்ளே என்னதான் நடக்கிறது? – கல்லூரி மாணவி, திருச்சி

ரயில் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் சேர்ந்தால்தான் அது ஓர் இடம். 'எஸ்4' என்று மட்டும் சொன்னாலோ 32 என்று மட்டும் சொன்னாலோ யாரும் போய் உட்கார முடியாது. இப்படிச் சேர்ந்தே இருக்க வேண்டிய, நடுவில் மாறக்கூடாத இரண்டு மூன்று விவரங்களை ('எஸ்4', 32) என்று ஒரு கட்டாகக் கட்டி வைப்பதுதான் டியூப்பிள். லிஸ்ட்டில் பின்னால் சேர்க்கலாம், நடுவில் எடுக்கலாம். டியூப்பிளைக் கட்டிய பிறகு அது அப்படியேதான் இருக்கும். அதனால்தான் டிக்‌ஷனரிக்குச் சாவியாக டியூப்பிளை வைக்க முடிகிறது, லிஸ்ட்டை வைக்க முடிவதில்லை. (டிக்ஷனரியில் ஒரு மதிப்பைத் தேடி எடுக்க நாம் தரும் பெயர்தான் சாவி.)

இப்போது ==, அதாவது 'இரண்டும் சமமா' என்று கேட்கும் குறி. பைத்தான் இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் உருப்படியை முதல் உருப்படியோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட்டுக்கொண்டே போகும். எங்கே முதல் வித்தியாசம் தெரிகிறதோ அங்கேயே நின்று ஃபால்ஸ் சொல்லிவிடும், மிச்சத்தைப் பார்க்காது. ஒன்று தீர்ந்துபோய் மற்றொன்றில் இன்னும் பாக்கி இருந்தாலும் ஃபால்ஸ்தான். நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துகிற வழக்கமான பைத்தானான சிபைத்தானில், லிஸ்ட் என்றால் முதலில் நீளத்தைப் பார்த்து, நீளமே வேறு என்றால் உள்ளே போகாமலே விடை சொல்லிவிடும். டியூப்பிளுக்கு அந்தக் குறுக்குவழியை வைக்கவில்லை.

வரிசை முக்கியம். ('எஸ்4', 32) வேறு, (32, 'எஸ்4') வேறு. லிஸ்ட்டையும் டியூப்பிளையும் ஒப்பிட்டால், உள்ளே இருப்பது ஒன்றாகவே இருந்தாலும், [1, 2] == (1, 2) ஃபால்ஸ்தான். பிழை என்று கத்தாது, சத்தமில்லாமல் ஃபால்ஸ் சொல்லும்.

ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கத்தில் வரும் பாக்கி எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது: எது சமம் எது சமமில்லை என்று டியூப்பிளுக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. அது உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் கேட்டு, அவை சொல்வதைத்தான் திருப்பிச் சொல்கிறது. எனவே == எதிர்பாராத விடை தந்தால் டியூப்பிளை முறைத்துப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, உள்ளே இருக்கிற ஒவ்வொரு உருப்படியையும் அதன் ஜோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ப்ராம்ப்டில் 1, 2 == 1, 2 என்று அடித்தேன். ட்ரூ வரும் என்று பார்த்தால் (1, ஃபால்ஸ், 2) என்று வருகிறது. நான் போட்ட பைத்தானில் ஏதும் கோளாறா? – டிப்ளமோ மாணவர், சேலம்

கோளாறு இல்லை, ரொம்ப நல்ல கேள்வி. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பல நாள் தேடலை மிச்சம் பிடிக்கலாம்.

டியூப்பிளை உண்டாக்குவது அடைப்புக்குறி என்று நினைக்கிறோம். உண்மையில் அதை உண்டாக்குவது கமா. (காலி டியூப்பிள் () ஒன்றுதான் விதிவிலக்கு.) ஆனால் == கமாவை விடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் குறி. ஆக, நீங்கள் அடித்த வரியைப் பைத்தான் கமா வருகிற இடங்களில் வெட்டுகிறது. முதல் துண்டு 1. நடுத்துண்டு 2 == 1. கடைசித் துண்டு 2. நடுவில் இருக்கிற கேள்விக்கு விடை ஃபால்ஸ், ஏனென்றால் இரண்டும் ஒன்றும் சமமில்லை. மூன்றையும் சேர்த்துக் கட்டினால் (1, ஃபால்ஸ், 2). நீங்கள் இரண்டு டியூப்பிளை ஒப்பிடவே இல்லை, மூன்று உருப்படி உள்ள ஒரு டியூப்பிளைச் செய்திருக்கிறீர்கள். (1, 2) == (1, 2) என்று இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டுப் பாருங்கள், ட்ரூ வரும்.

அடித்த வரிக்கு உடனே விடை காட்டுகிற ப்ராம்ப்டில் அடித்ததால் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. புரோகிராமுக்கு உள்ளே, ஓர் 'இஃப்' வரியில் மொத்தத்தையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டு (பெட்டி, படுக்கை == 4, 32) என்று எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதுவும் மூன்று உருப்படி டியூப்பிள்தான். காலியாக இல்லாத எந்த டியூப்பிளும் நிபந்தனையில் 'ஆம்' என்றே கணக்காகும் என்பதால், உள்ளே என்ன மதிப்பு இருந்தாலும் அந்த 'இஃப்' திறந்தே கிடக்கும். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. அடைப்புக்குறி போடாமல் விட்டிருந்தாலாவது இலக்கணப் பிழை என்று அங்கேயே நின்றிருக்கும்.

நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்துகிற 'அஸர்ட்' வரியிலும் இதே கதை. நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டால் அது இரண்டு உருப்படி டியூப்பிள் ஆகிவிடும், எந்தச் சோதனையும் தோற்கவே தோற்காது. நல்ல வேளையாக இந்த இடத்தில் பைத்தான் எச்சரிக்கை தருகிறது. அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கமா பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். (5) என்பது வெறும் 5. (5,) என்பதுதான் ஓர் உருப்படி டியூப்பிள். (5,) == 5 ஃபால்ஸ். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் மொத்தம் எத்தனை வரி இருக்கிறது என்று கேட்டு ஒரு விடையை எடுத்தால் கைக்கு வருவது (5,) தான், 5 அல்ல. அதை நேராக 5-உடன் ஒப்பிட்டுவிட்டு 'டேட்டாபேஸ் தப்பாக எண்ணுகிறது' என்று எழுதியிருந்த கோவை வாசகருக்கும் இதுவே பதில்: பின்னால் [0] போட்டு முதல் உருப்படியை எடுத்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் கடைச் சரக்குப் பட்டியலை டிக்‌ஷனரியாக வைத்திருக்கிறேன், சாவி (பொருள், அளவு). ('சட்டை', 42) உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரிகிறது, தேடினால் இல்லை என்கிறது. – ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு

பட்டியலை எக்ஸெல்லில் இருந்து சிஎஸ்வி கோப்பாக (கமாவால் பிரித்த எழுத்துக் கோப்பு) சேமித்துப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பைத்தானின் சிஎஸ்வி ரீடர் இயல்பாக எல்லாவற்றையும் எழுத்தாகவே தரும். உங்கள் டிக்‌ஷனரியில் இருப்பது ('சட்டை', '42'), நீங்கள் தேடுவது ('சட்டை', 42). 42 என்ற எண்ணும் '42' என்ற எழுத்தும் பைத்தானுக்கு எந்தக் காலத்திலும் சமமில்லை.

இதே வலியை நானும் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்குச் சரக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தபோது, பழைய சரக்கு டேட்டாபேஸில் இருந்து எண்ணாக வந்தது, புதிய சரக்கு கோப்பில் இருந்து எழுத்தாக வந்தது. ஒரே அளவுச் சட்டை இரண்டு தனித்தனி வரியாக ஏறிக்கொண்டே இருந்தது. அளவை மட்டும் தனியாக அச்சிட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் 42 என்றே வந்தது. பாதி நாள் போன பிறகு, எதற்கும் பார்ப்போம் என்று டியூப்பிளை முழுசாக அச்சிட்டேன். ஒன்றில் 42-ஐச் சுற்றி மேற்கோள் குறி இருந்தது, மற்றொன்றில் இல்லை. காரணம் எளிமையானது: எழுத்தைத் தனியாக அச்சிட்டால் மேற்கோள் இல்லாமல் வரும், டியூப்பிளோடு அச்சிட்டால் மேற்கோளோடு வரும். 'சட்டை ' என்று கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற இடைவெளியும் அப்போதுதான் தெரியும். அதிலிருந்து சந்தேகம் வந்தால் உருப்படியைப் பிரித்து அச்சிடுவதே இல்லை, கட்டோடு அச்சிட்டுத்தான் பார்க்கிறேன்.

தீர்வு: கோப்பைப் படிக்கிற அந்த ஒரே இடத்தில் அளவை எண்ணாக மாற்றிவிடுங்கள். தேடுகிற இடங்களில் எல்லாம் மாற்ற ஆரம்பித்தால் ஒரு இடம் கட்டாயம் விட்டுப்போகும்.

இதற்கு நேர் எதிர் விஷயமும் ஒன்று உண்டு. 42-ம் 42.0-வும் பைத்தானுக்குச் சமம். ட்ரூவும் 1-ம் சமம், ஃபால்ஸும் 0-வும் சமம். ஆகவே (1, 0) == (ட்ரூ, ஃபால்ஸ்) கேட்டால் ட்ரூ வரும். டிக்‌ஷனரியில் முதலில் (1, 2) என்ற சாவியில் ஒன்றைப் போட்டுவிட்டு, பிறகு (1.0, 2.0) என்ற சாவியில் வேறொன்றைப் போட்டால், இரண்டு வரி வராது. சாவி பழைய (1, 2) ஆகவே இருக்கும், மதிப்பு மட்டும் புதிதாக மாறியிருக்கும்.

கேள்வி: ஊர்ப் பெயரும் அஞ்சல் குறியீடும் சேர்த்து டியூப்பிளாக வைத்து, இரண்டு பட்டியலை ஒப்பிடுகிறேன். ('கொடைக்கானல்', 624101) இரண்டிலும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரிகிறது, மேற்கோள் குறியும் சரியாக இருக்கிறது, ஆனாலும் சமமில்லை என்கிறது. ஆங்கிலப் பெயர்களில் இந்தத் தொல்லை வரவில்லை. தமிழுக்கு மட்டும் ஏன்? – நூலகப் பட்டியல் தயாரிக்கும் தன்னார்வலர், மதுரை

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. தமிழில் தரவு வைத்து வேலை செய்கிற ஒவ்வொருவரும் ஒருநாள் இங்கே வந்துதான் தீருவார்கள்.

'கொ' என்ற எழுத்தை எடுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தருகிற யூனிகோடு முறையில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, க என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒகரக் குறி என்ற ஒரே குறியும். இன்னொன்று, க, அதன் பின்னால் ஒற்றைக் கொம்பு, அதன் பின்னால் கால். திரையில் இரண்டுமே 'கொ' என்றுதான் தெரியும், எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு எழுத்தின் யூனிகோடு எண்ணைத் தருகிற 'ஆர்டு' ஃபங்ஷனைப் போட்டு உள்ளே பாருங்கள். முதல் வகையில் 2965, 3018 என்று இரண்டு எண் வரும். இரண்டாவது வகையில் 2965, 3014, 3006 என்று மூன்று எண் வரும். பைத்தான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, இந்த எண்களைத்தான் பார்க்கிறது. எண்கள் வேறு, ஆகவே எழுத்து வேறு, ஆகவே டியூப்பிள் வேறு. கோ, கௌ வரிசை எழுத்துகளுக்கும் இப்படியே இரண்டு வடிவம் உண்டு. நேரடியாகத் தட்டச்சு செய்த பட்டியலில் பெரும்பாலும் முதல் வடிவம் இருக்கும். பழைய ஃபான்ட்டில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பிலும் பிடிஎஃப்பில் இருந்து எடுத்த எழுத்திலும் இரண்டாவது வடிவம் அவ்வப்போது எட்டிப் பார்க்கும்.

இந்த இரண்டு வடிவமும் ஒன்றே என்பது யூனிகோடு விதியிலேயே இருக்கிறது. பைத்தானில் 'யூனிகோடுடேட்டா' என்ற மாட்யூலில் 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் உண்டு, அதற்கு 'என்எஃப்சி' என்று சொல்லி எழுத்தைக் கொடுத்தால் எல்லாவற்றையும் முதல் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு பட்டியலையும் படிக்கும்போதே இதைச் செய்துவிட்டு டியூப்பிளைக் கட்டுங்கள், உங்கள் கொடைக்கானல் சேர்ந்துவிடும்.

ஓர் ஆச்சரியம் சொல்லட்டுமா? நீங்கள் 'கொள்முதல்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்து, ஓரிடத்தில் முதல் வடிவத்திலும் இன்னோரிடத்தில் இரண்டாம் வடிவத்திலும் அடித்தால் பைத்தான் இரண்டையும் ஒரே மாறியாகத்தான் எடுத்துக்கொள்ளும். மாறிப் பெயர்களைப் படிக்கும்போதே அது தானாக இயல்பாக்கிவிடுகிறது. மேற்கோளுக்குள் இருக்கிற எழுத்தை மட்டும் தொடாது, ஏனென்றால் அது உங்கள் தரவு, அதில் கை வைக்க அதற்கு உரிமை இல்லை.

ஆனால் நார்மலைஸ் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். 'கௌரி' என்ற பெயரை எத்தனை பேர் 'கெளரி' என்று, அதாவது கெ போட்டு ள போட்டு அடிக்கிறார்கள் என்று உங்கள் பட்டியலிலேயே தேடிப் பாருங்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், யூனிகோடு விதிப்படி இரண்டும் முற்றிலும் வேறு சொல். ஸ்ரீரங்கத்தின் முதல் எழுத்துக்கும் இரண்டு பிறப்பு உண்டு: ஸ (எண் 3000) வைத்து எழுதியது, ஶ (எண் 2998) வைத்து எழுதியது. பல ஃபான்ட்டுகளில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும், என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. இந்த மாதிரி ஜோடிகளுக்கு நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்ரீ எது என்று முடிவு செய்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள். கெள என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கௌ ஆக்காதீர்கள், 'கெளுத்தி' மீனும் சேர்ந்து மாறிவிடும். ஊர், பெயர் என்று தெரிந்த சொற்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. முதல் வரி மட்டும் சேரவில்லை, மற்றதெல்லாம் சேர்கிறது என்றால், எக்ஸெல் கோப்பின் தலையில் வைக்கிற கண்ணுக்குத் தெரியாத குறி முதல் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இடைவெளி நீக்குகிற 'ஸ்ட்ரிப்' அதை நீக்காது, அகலமே இல்லாத பிற குறிகளையும் நீக்காது. டியூப்பிளை முழுசாக அச்சிட்டால் இவை சாய்கோட்டோடு எண்ணாக வெளியே தெரியும், அங்கே பிடித்துவிடலாம்.

கேள்வி: (0.1 + 0.2, 1) == (0.3, 1) ஃபால்ஸ் என்கிறதே? – பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்

0.1-ஐயும் 0.2-ஐயும் கணினி இரும எண்ணாக வைத்திருக்கும்போது துல்லியமாக வைக்க முடிவதில்லை, கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. டியூப்பிள் அதை அப்படியே எடுத்து 0.3-உடன் ஒப்பிடுகிறது. தசம எண் உள்ள டியூப்பிளுக்கு == வேண்டாம். ஒவ்வொரு ஜோடியையும் 'மேத்' மாட்யூலில் உள்ள 'இஸ்குளோஸ்' கொண்டு பாருங்கள். பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் சோதனை எழுதினால் அதன் 'அப்ராக்ஸ்' முழு டியூப்பிளையும் ஏற்கும். பணக் கணக்கு என்றால் பைசாவாக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் நிம்மதி.

கேள்வி: 'எண் இல்லை' என்பதைக் குறிக்கும் நேன் மதிப்பு தனக்குத் தானே சமமில்லை என்று படித்தேன். ஆனால் அதை ஒரு டியூப்பிளில் போட்டு ஒப்பிட்டால் ட்ரூ வருகிறது. இது எப்படி? – தரவுப் பகுப்பாய்வாளர், சென்னை

கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்கள். முதல் பதிலில் டியூப்பிள் உள்ளே இருப்பவற்றைக் கேட்கும் என்று சொன்னேன். கேட்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்கிறது: இரண்டு பக்கமும் இருப்பது நினைவகத்தில் ஒரே பொருள்தானா? ஒரே பொருள் என்றால் கேட்காமலே சமம் என்று அடுத்ததற்குப் போய்விடும். வேகத்துக்காகவும், ஒரு பொருளைப் பெட்டிக்குள் போட்ட பிறகு அதே பொருள் அங்கே இல்லை என்று சொல்லக்கூடாது என்பதற்காகவும் இப்படி வைத்திருக்கிறார்கள், பைத்தானின் மொழிக் கையேட்டிலேயே இது இருக்கிறது. ஆக, ஒரே நேனை ஒரு மாறியில் வைத்து இரண்டு டியூப்பிளிலும் போட்டால் ட்ரூ. இரண்டு நேனைத் தனித்தனியாக உண்டாக்கிப் போட்டால் ஃபால்ஸ்.

நம்பை என்ற கணக்கு நூலகத்தின் அரே (எண்களின் அடுக்கு) வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் உள்ள அரேயை டியூப்பிளுக்குள் போட்டு ஒப்பிட்டால், அதே அரே என்றால் ட்ரூ வரும். அதன் நகல் என்றால் விடையே வராது, 'இந்த அரே உண்மையா பொய்யா என்று தெளிவில்லை' என்ற பொருளில் ஒரு பிழை வந்து நிற்கும். உங்கள் கணினியில் தேறிய சோதனை, கோப்பில் சேமித்துத் திரும்பப் படித்ததும் உடைவதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: == போடுவதற்குப் பதில் 'இஸ்' போட்டாலும் எனக்கு ட்ரூ வருகிறது. இரண்டும் ஒன்றா? – ஐடிஐ மாணவர், யாழ்ப்பாணம்

இல்லை. == மதிப்பைக் கேட்கிறது, 'இஸ்' இரண்டும் ஒரே பொருளா என்று கேட்கிறது. அ = (1, 2) என்று ஒரு வரியிலும் ஆ = (1, 2) என்று அடுத்த வரியிலும் ப்ராம்ப்டில் அடித்து 'அ இஸ் ஆ' கேட்டால் சிபைத்தானில் ஃபால்ஸ் வரும். அதே இரண்டு வரியையும் ஒரு கோப்பில் எழுதி ஓட்டினால் ட்ரூ வரலாம், ஏனென்றால் மொழிபெயர்க்கும்போதே ஒரே மாதிரி மாறிலிகளை ஒன்றாக்கிவிடும். உங்களுக்கு வந்த ட்ரூ அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அதை நம்பி எழுதினால், மதிப்பு பயனரிடம் இருந்து வருகிற நாளில் விடை மாறிவிடும். எழுதிய மதிப்போடு நேராக 'இஸ்' போட்டால் 3.8 பதிப்பில் இருந்து பைத்தானே எச்சரிக்கிறது. 'நன்' என்ற வெறுமை மதிப்பைச் சோதிக்க மட்டும் 'இஸ்' வைத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கு ==.

கேள்வி: நேம்டுடியூப்பிள் பயன்படுத்தினால் பெயரோடு இருப்பதால் பாதுகாப்பு என்று சொன்னார்கள். ஆனால் ஒரு மாணவரின் மதிப்பெண்ணும் ஒரு புள்ளியின் இடமும் சமம் என்று வருகிறது. – மென்பொருள் பணியாளர், பெங்களூரு

ஒவ்வொரு உருப்படிக்கும் பெயர் வைத்த டியூப்பிள்தான் நேம்டுடியூப்பிள். அந்தப் பெயர் இருப்பது நீங்கள் படிக்க வசதியாக. ஒப்பிடும்போது அது சாதாரண டியூப்பிளாகவே நடந்துகொள்ளும். புள்ளி(70, 85) == மதிப்பெண்(70, 85) ட்ரூ, இரண்டுமே (70, 85) என்ற வெற்று டியூப்பிளோடும் சமம். பழைய நிரலோடு ஒத்துப்போக வேண்டிய இடத்தில் இது வசதி. கடினமான வேலைகளில் ஆபத்து, ஒரே செட்டில் (சமமானவற்றில் ஒன்றை மட்டும் வைக்கும் தொகுப்பு) இரண்டையும் போட்டால் ஒன்று காணாமல் போகும்.

வகை வேறென்றால் சமமில்லை என்றே வர வேண்டும் என்றால் 3.7 பதிப்பில் வந்த டேட்டாகிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் உள்ளுக்குள் புலங்களை டியூப்பிள் போலத்தான் ஒப்பிடுகிறது, ஆனால் இரண்டும் ஒரே வகுப்பா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான். டிக்‌ஷனரிச் சாவியாக வேண்டுமென்றால் 'ஃப்ரோஸன்' என்று சொல்லி உறையவைக்க மறக்காதீர்கள். புதிதாக எழுதுகிற நிரலில் நான் யோசிக்காமலே இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: == ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனால் சில சமயம் மட்டும் < போட்டால் டைப்எரர் வருகிறது. முன்னுரிமை வரிசை ஒன்றை ஹீப்க்யூ வைத்துச் செய்கிறேன். – பொறியியல் மாணவி, கோலாலம்பூர்

சமமா என்று கேட்டால் எதற்கும் எதற்கும் நடுவில் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். எது சிறியது என்று கேட்டால் அப்படித் தப்பிக்க முடியாது. டியூப்பிள்கள் அகராதி வரிசையில் ஒப்பிடப்படுகின்றன: முதல் வித்தியாசம் எங்கே வருகிறதோ அந்த ஜோடி முடிவு சொல்லும். உங்கள் வரிசையில் (முன்னுரிமை, வேலை) என்று வைத்திருப்பீர்கள். முன்னுரிமைகள் வேறு வேறாக இருக்கும்வரை இரண்டாவது உருப்படி பக்கமே போகாது. இரண்டு வேலைக்கு ஒரே முன்னுரிமை வந்த அன்றைக்குத்தான் எது சிறியது என்று வேலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடப் போய், அதற்கு வழி தெரியாமல் டைப்எரரில் மாட்டிக்கொள்ளும். நடுவில் ஓர் ஓடு எண் சேர்த்து (முன்னுரிமை, வந்த வரிசை, வேலை) என்று வையுங்கள். அந்த எண் யாருக்கும் ஒன்றாக இராது, முதலில் வந்தது முதலில் போகும் என்ற நியாயமும் கூடவே கிடைக்கும்.

இதே அகராதி வரிசை நமக்கு நல்லதும் செய்கிறது. பதிப்பு எண்களை எழுத்தாக ஒப்பிட்டால் '3.10' என்பது '3.9'-ஐ விடச் சிறியதாகிவிடும். டியூப்பிளாக வைத்தால் (3, 10) > (3, 9) என்று சரியாக வரும்.

கேள்வி: மற்ற மொழிகளிலும் இப்படித்தானா? – வாசகர், சிங்கப்பூர்

ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ரஸ்ட்டில் உருப்படிக்கு உருப்படி ஒப்பீடு உண்டு, ஆனால் வகைகள் பொருந்தாவிட்டால் நிரல் கம்பைல் ஆகவே ஆகாது, அதனால் ஈரோடு நண்பரின் 42 தொல்லை அங்கே வர வழியே இல்லை. 12 உருப்படி வரைதான் அந்த ஒப்பீடு தயாராகக் கிடைக்கும். ஸ்விஃப்ட்டில் அந்த எல்லை 6. சி ஷார்ப்பில் டியூப்பிள் முன்பே இருந்தாலும் == போட்டு ஒப்பிடுகிற வசதி 7.3 பதிப்பில்தான் வந்தது, உருப்படிகளுக்கு வைத்த பெயரை அதுவும் கணக்கில் எடுக்காது. ஜாவாஸ்கிரிப்டில் டியூப்பிள் என்று தனியாக இல்லை, அரே வைத்துத்தான் சமாளிக்கிறோம், அங்கே [1, 2] === [1, 2] ஃபால்ஸ், ஏனென்றால் அது ஒரே பொருளா என்று மட்டுமே பார்க்கும். ஜாவாவில் 16-ஆம் பதிப்பில் இருந்து ரெக்கார்டு இருக்கிறது. அதில் == போட்டால் ஒரே பொருளா என்ற கேள்வி, 'ஈக்வல்ஸ்' போட்டால்தான் உள்ளே இருப்பதை ஒப்பிடும். பைத்தானில் இருந்து ஜாவாவுக்குப் போகிறவர்கள் கை பழக்கத்தில் இங்கே == போட்டுவிடலாம், ஆகவே முதல் வாரம் ஒவ்வொரு ஒப்பீட்டையும் நின்று படித்துவிட்டு நகருங்கள்.